நம்ம ஊர் லினக்ஸ் சங்கம்: 2025-26 ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வருஷா வருஷம் நிறைய பண்ணோம்னு படிச்சுட்டு கைதட்டு வாங்கிட்டு போயிடுவேன், இந்த தடவை அது நடக்காது, ஏன்னா உருப்படியா முடிச்சது மூணே மூணு இன்ஸ்டால் கைடுதான், அதுலயும் ஒன்ன முதல்லேர்ந்து திருப்பி எழுதுனோம்.

பழைய புத்தகப் பக்கத்த ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்துற டெசராக்ட் கைடு அது. எழுதுனவன் நான்தான். ஒரே பக்கம், ரெண்டே கமாண்டு, இதுல என்ன தப்பு வரப்போகுதுன்னு தெனாவட்டு. நம்ம தமிழ் ஐயா, ரிட்டையர்டு வாத்தியார், அவர் கையில பிரிண்ட் அவுட்ட குடுத்துட்டு நான் பின்னாடி உக்காந்துக்கணும், வாயே தொறக்கக்கூடாதுன்னு துணைத்தலைவர் கண்டிஷன் போட்டாரு.

முதல் அடியிலயே, கமாண்டு இங்கேர்ந்து ஆரம்பம்னு காட்ட முன்னாடி போட்டிருந்த டாலர் குறியையும் சேத்து அடிச்சாரு, கமாண்டே இல்லன்னு சொல்லிருச்சு. அத சரி பண்ணா பாஸ்வேர்டு கேக்குது, ஐயா அடிக்கிறாரு, திரையில புள்ளி கூட வரல, அங்க வழக்கமா அப்படித்தான், அத நான் எழுதல, கீபோர்டு போச்சு போலன்னு வயர புடுங்கி திருப்பி மாட்டுனாரு. அடுத்து பக்கம் தமிழ்ல இருக்குன்னு சொல்ல "மைனஸ் எல் டாம்"னு அடிக்கணும், நான் எடுத்த ஃபான்ட்ல சின்ன எல்லும் ஒன்னுங்குற நம்பரும் ரெட்டப்புள்ளைங்க மாதிரி, அவர் ஒன்னு அடிச்சாரு, எரர். எதுக்கு வம்புன்னு அத விட்டுட்டு அடிச்சாரு, எரர் வரல, ஆனா தமிழ்ப் பக்கம் பூரா இங்கிலீஷ் எழுத்தா கொட்டுச்சு, மொழி சொல்லலைன்னா அது இங்கிலீஷ்னுதான் எடுத்துக்கும். கடைசியா எல்ல கண்டுபிடிச்சு சரியா அடிச்சும் எரர்! தமிழுக்குன்னு தனி பேக்கேஜ் இருக்கு, அத நான் எழுதவே இல்ல. என் மெஷின்ல அது எப்பவோ போட்டு கிடந்துச்சு, அதனால எனக்கு ஓடுச்சு. "தம்பி, நீ எழுதுனது உனக்கு மட்டும் புரியுற மாதிரி இருக்கே"ன்னாரு ஐயா.

அதுலேர்ந்து எந்த கைடா இருந்தாலும் வர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுற சாஃப்ட்வேர்) புதுசா உபுண்டு (லினக்ஸ்ல ஒரு வகை) போட்டு முதல் வரிலேர்ந்து ஓட்டிப் பாக்குறோம், ஓட்டுறவர் எழுதுனவரா இருக்கக்கூடாது. எந்த வெர்ஷன்ல ஓட்டுனோம்னு தலைப்புக்கு கீழயே போடுறோம். உபுண்டு 20.04 வெர்ஷனுக்கு வழக்கமான சப்போர்ட் 2025 மே மாசத்தோட முடிஞ்சுச்சு, அதுக்கு எழுதுன நம்ம பைத்தான் கைட பாத்து 24.04ல பிப் (பைத்தான் பேக்கேஜ் இறக்குற கமாண்டு) வச்சு எதையாச்சும் போட்டா சிஸ்டம் பைத்தான்ல கை வைக்காதன்னு எரர் வருது. ஒருத்தர் அத தாண்ட ஒரு ஆப்ஷன் இருக்கேன்னு சொன்னாரு, அந்த ஆப்ஷன் பேரே "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்", பேருலயே ஒடைன்னு இருக்குறத புது ஆளுக்கு எழுதிக் குடுக்க எனக்கு மனசு வரல, சிஸ்டம் பைத்தான தொடாம தனி இடத்துல பேக்கேஜ் போடுற வெர்ச்சுவல் என்விரான்மென்ட் வழியதான் எழுதியிருக்கோம்.

தயவுசெஞ்சு கமாண்ட வாட்ஸ்அப்ல கையால டைப் பண்ணி அனுப்பாதீங்க. போன் முதல் எழுத்த பெருசாக்கிடும், அட்மின் உரிமையோட ஓட்டுறதுக்கு முன்னாடி போடுற சூடோவ பெரிய எஸ் போட்டு அடிச்சா லினக்ஸுக்கு யாருன்னே தெரியாது. டெக்ஸ்ட் ஃபைலா அனுப்புங்க.

கணக்கு வழக்க பொருளாளர் படிப்பாரு. தமிழ்ல டைப் பண்ற தமிழ்99 கீபோர்டு கைடு பாதில நிக்குது, எழுத ஆள் இருக்கு, ஓட்டிப் பாக்கத்தான் இதுவரைக்கும் லினக்ஸே தொடாத ஒரு ஆள் வேணும், வீட்டுல யாராச்சும் இருந்தா அடுத்த கூட்டத்துக்கு கூட்டிட்டு வாங்க. ஹால்ல பிளக் பாயிண்ட் ரெண்டுதான், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்குறவங்க எடுத்துட்டு வந்துருங்க.

இப்படிக்கு,
செயலாளர்