நிக்காஹ் பயானில் மாப்பிள்ளைக்கும் ஒரு பங்கு

மதிப்பிற்குரிய ஹஸ்ரத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அண்மையில் சிங்கப்பூர் ஈசூனில் நடந்த எங்கள் வீட்டு நிக்காஹ்வில் தாங்கள் நிகழ்த்திய பயானை, அந்த மார்க்க உரையை, கேட்டேன். மணப்பெண் சபூரோடு, அதாவது பொறுமையோடு, இருக்க வேண்டும், கணவனின் குறைகளை வெளியே சொல்லக்கூடாது, சிறு மனத்தாங்கலுக்கெல்லாம் தாய்வீட்டுக்குப் புறப்பட்டுவிடக்கூடாது என்று விரிவாக எடுத்துரைத்தீர்கள். மாப்பிள்ளைக்குக் கிடைத்ததோ, அவர் மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் பற்றிய ஒரு வரி மட்டுமே. தங்கள் கல்வியின் மீதுள்ள மதிப்பினால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்ட செய்தியைத் தாங்கள் பலமுறை ஓதியிருப்பீர்கள். அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கைத்தடியை இறக்காதவர் என்று கூறி, அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றார்கள் நபியவர்கள். நபிமொழித் தொகுப்பான முஸ்லிம் நூலின் மற்றோர் அறிவிப்பில் ‘பெண்களை அடிப்பவர்’ என்றே வருகிறது. மாப்பிள்ளையின் சம்பளத்தையும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு எப்போது கிடைக்கும் என்பதையும் துருவித் துருவி விசாரிக்கும் நம் பெரியவர்கள், அவருக்குக் கை நீட்டி அடிக்கும் பழக்கம் உண்டா என்று ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை.

ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களின் செய்தி இன்னும் அழுத்தமானது. கணவர் ஸாபித் அடித்ததில் உடலில் முறிவு ஏற்பட்டு, ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் அவர் நபியவர்களிடம் வந்து முறையிட்டதாக அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளது. ‘பொறுத்துப் போ’ என்று நபியவர்கள் அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பவில்லை. கணவரை அழைத்து, மஹராகக் கொடுத்திருந்த இரண்டு தோட்டங்களைப் பெற்றுக்கொண்டு ஹபீபாவைப் பிரிந்துவிடும்படி கூறினார்கள். நம் ஜமாஅத்துகளில் அடிபட்டு வரும் பெண்ணுக்குக் கிடைக்கும் முதல் பதிலை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூசுகிறது.

மனைவியை அடிப்பது பற்றிய சொல் இடம்பெறும், குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தைச் சொல்லித் தாம் அடிப்பதை நியாயப்படுத்துவோர் இருக்கிறார்கள். அவ்வசனத்தை விளக்கிய இப்னு அப்பாஸ் (ரலி) பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி போன்றதைத்தான் குறிப்பிட்டார்கள். கோபம் கொள்ளலாம், அடிக்கலாகாது என்றார் மக்காவின் மார்க்க அறிஞர் அதாஃ. நபியவர்களோ தம் கையால் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளரையும் ஒருபோதும் அடித்ததில்லை என்பது ஆயிஷா (ரலி) அவர்களின் சாட்சியம். அதே அத்தியாயத்தின் 19ஆம் வசனம், மனைவியரோடு நல்ல முறையில் வாழுங்கள் என்றும், அவர்களை வெறுத்தாலும் கூட, நீங்கள் வெறுக்கும் ஒன்றில் அல்லாஹ் பெரும் நன்மையை வைத்திருக்கக்கூடும் என்றும் ஆண்களை நோக்கிப் பேசுகிறது. சபூர் பற்றிப் பேச வேண்டுமானால் அதையும் மாப்பிள்ளையிடமிருந்தே தொடங்கலாமே.

சிங்கப்பூரில் நிக்காஹ்வின்போது மாப்பிள்ளை கூறும் தக்லிக் என்னும் நிபந்தனை உறுதிமொழியில், மனைவியின் உடலுக்குத் தீங்கிழைத்தால் அவள் ஷரியா நீதிமன்றத்தில் முறையிட்டுத் தலாக் பெற வழியுள்ளது. கொடுமையைக் காரணம் காட்டி ஃபஸ்கு, அதாவது நீதிமன்றம் வழியான திருமண ரத்து, கோரவும் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் இடமளிக்கிறது. சிங்கப்பூரின் குடும்பச் சட்டமான மாதர் சாசனம் முஸ்லிம் திருமணங்களுக்குப் பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். திருமணம், மணவிலக்குப் பகுதிகள்தாம் பொருந்தாதவை. குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்பு ஆணை கேட்கும் உரிமை முஸ்லிம் பெண்ணுக்கும் உண்டு. அதற்கு அவள் குடும்ப நீதிமன்றத்தை அணுக வேண்டும். மணவிலக்குக் கேட்காமலேயே அந்த ஆணையைப் பெறலாம்.

உறுதிமொழி வாசிக்கப்படும் நேரத்தில் பந்தலில் பாதிப்பேரின் கவனம் பிரியாணி சட்டியின் பக்கம் திரும்பிவிடுகிறது. வாசிக்கும் மாப்பிள்ளைக்கே சில சமயம் அதன் பொருள் பிடிபடுவதில்லை. ஆகவே, இனி தாங்கள் நடத்தும் நிக்காஹ்களில் அதைத் தமிழில் நிறுத்தி விளக்க வேண்டும் என்பதும், மேற்சொன்ன ஹதீஸ்களில் ஒன்றையாவது மாப்பிள்ளையின் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். பள்ளிவாசலில் பெண்கள் தொழும் பகுதியின் அறிவிப்புப் பலகையில், இரவு பகலாக இயங்கும் வன்முறைத் தடுப்பு உதவி எண்ணான 1800-777-0000ஐத் தமிழில் ஒட்ட நிர்வாகத்திடம் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால், அச்சடிக்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.