இப்போதைக்கு எதையும் வாங்காதே

அன்புள்ள முகிலுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன், ஒலிப்பதிவையும் இரண்டு மூன்று தடவை கேட்டேன். ஆம்ப்ளிஃபையர் நல்ல சாமான்தான். அதை ரிப்பேர் செய்ய, வாங்க வேண்டிய கெப்பாசிட்டர்களுக்கு, அதாவது கரண்டைச் சேர்த்து வைக்கும் அந்தச் சின்ன டப்பிகளுக்கு, லிஸ்ட் போட்டுத் தரச் சொல்கிறாய். இப்போது தர மாட்டேன். இருப்பதையெல்லாம் ஒட்டுமொத்தமாக மாற்றுவதுதான் ரிப்பேர் என்று சிலர் நினைக்கிறார்கள். அத்தனையையும் கழற்றி மாட்டினால் ஒன்றாவது பிளஸ் மைனஸ் மாறி உட்காரும். அப்புறம் பழைய கோளாறு எது, நீ உண்டாக்கியது எது என்று பிரிக்க முடியாது.

உன் பெட்டியில் முக்கியமாக இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் இரண்டு பக்கமும் 'உம்ம்' என்று இரைகிறது என்கிறாயே, அது ஒன்று. வால்யூமோடு சேர்ந்து கூடிக் குறைந்தால், பாட்டு வரும் வழியையோ வயரையோ சந்தேகப்படலாம். இது அசையாமல் நிற்பதால் பவர் சப்ளையில் உள்ள இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம். வருஷக்கணக்கில் உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துவிடும். சீராக ஓட வேண்டிய டிசி கரண்டில் அலை மிஞ்சும். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அது 100 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கேட்கும். படத்தில் அவற்றின் அடியில் பழுப்பாகத் தெரிவதைக் கசிவு என்று எழுதியிருக்கிறாய். அது ஃபேக்டரியில் ஒட்டிய பசையாகவும் இருக்கலாம். அப்படி இருந்தாலும் அப்படியே விட்டுவிடாதே. அந்தக் காலத்துப் பசை கறுத்துப் போனால் பக்கத்துக் கம்பிகளை அரிக்கும், கரண்டையும் கடத்தும். மெதுவாகச் சுரண்டி எடு.

இடது பக்கம் அவ்வப்போது சத்தம் காணாமல் போவது வேறு கதை. முதலில் இன்புட் வயர்களை இடம் வலம் மாற்றிச் செருகு. கோளாறு வலது பக்கம் தாவினால் ஆம்ப்ளிஃபையர் மேல் தப்பில்லை. தாவாவிட்டால், சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயர்களை மாற்றிப் பார். அப்போதும் இடது டெர்மினலிலேயே நின்றால் பெட்டிக்குள்தான். ஒலிப்பதிவில் ஓரிடத்தில் சத்தத்தைக் கூட்டியதும் இடது பக்கம் 'பட்'டென்று திரும்பி வருகிறது, கவனித்தாயா? அது ரிலே, அதாவது ஸ்பீக்கரைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச், செய்யும் வேலை. முனைகளில் கருமை படிந்தால் சின்ன சிக்னல் தாண்டாது, பெரிய சிக்னல் இடித்துக்கொண்டு போய்விடும். இதற்கும் கெப்பாசிட்டருக்கும் சம்பந்தமே இல்லை. ரிலேயை மாற்றுவது நல்லது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கொஞ்ச நாள்தான் தாங்கும். வால்யூம் குமிழின் கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பல தடவை திருப்பு. துரு எடுக்கும் எண்ணெய் எதையும் அடிக்காதே, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூடியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடு. பிடுங்கினாலும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர்களில் வோல்டேஜ் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க விடும் வீரமெல்லாம் வேண்டாம். அந்த வோல்டேஜ் மெதுவாக வடிய, 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, அதன் கால்களில் விரல் படாமல், ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரு முனைக்கும் இடையே ஒரு நிமிஷம் பிடி. பிறகு மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வை. வேலை முடிந்து முதல் தடவை ஆன் செய்யும்போது ஒரு குண்டு பல்பை, 60 வாட் போதும், கரண்ட் அதன் வழியாகவே பெட்டிக்குப் போகும்படி சீரீஸில் போட்டுக்கொள். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமலே எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணை.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, பாட்டு எதுவும் போடாமல், வால்யூமைக் குறைத்துவைத்து, ஸ்பீக்கர் டெர்மினல்களில் டிசி எவ்வளவு என்று அள. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். திரும்ப மாட்டாமல் எனக்கு போன் செய். இரண்டு பக்கத்து அளவையும் தனித்தனியாக எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: முன்பக்கத்தைத் துடைக்க ஆல்கஹால் எடுக்காதே. அந்த வெள்ளை எழுத்துகள் துணியோடு வந்துவிடும். ஈரத்துணி போதும்.