எனக்கு ஆர்வமில்லை என்று உங்களிடம் யார் சொன்னது?

கடன் முகாம் மேடையில் அமர்ந்திருந்த அதிகாரிகளுக்கும் வங்கி மேலாளர்களுக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை கல்யாண மண்டபத்தில் நடந்த தொழில் கடன் முகாமுக்கு நானும் வந்திருந்தேன். மூன்றாவது வரிசை, ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே, மடியில் பச்சை ஃபைல். உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, அரசாங்கம் பணத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை, இந்த மாவட்டத்தில் யாருக்கும் தொழில் தொடங்கும் ஆர்வமே இல்லை என்று வருத்தப்பட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். பழக்கதோஷத்தில் நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். சிறு தொழில் தொடங்க மானியத்தோடு வங்கிக் கடன் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், அதாவது பி.எம்.இ.ஜி.பி., அதன் இணையதளத்தில் என் விண்ணப்ப எண்ணைப் போட்டால் ஆங்கிலத்தில் ஒரே வரி வரும். நிராகரிக்கப்பட்டது, காரணம்: விண்ணப்பதாரருக்கு ஆர்வமில்லை.

ஐயா, அம்மா, அந்த விண்ணப்பதாரர் நான்தான். எனக்கு ஆர்வமில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

திட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2008லிருந்து நடக்கிறது, மேடையில் பேசியவர் விதிகளை மனப்பாடமாகவே ஒப்பித்தார். என் கணக்கை மட்டும் சொல்கிறேன். மசாலாத் தூள் தயாரிக்கும் சிறு ஆலை, மொத்தத் திட்ட மதிப்பு 9 லட்சத்து 40 ஆயிரம். கிராமப்புறம், பெண் என்பதால் மானியம் 35 சதவீதம், அதாவது 3 லட்சத்து 29 ஆயிரம். என் பங்கு 5 சதவீதம், 47 ஆயிரம். அந்த மானியமும் என் கைக்கு வரப்போவதில்லை. மூன்று வருஷம் வங்கியிலேயே வைப்பாகக் கிடக்கும், நான் ஒழுங்காகத் தொழில் நடத்தினால்தான் கடனில் வரவு வைப்பார்கள். ஆக வங்கி நிஜமாகவே என்னை நம்பித் தர வேண்டியது ஐந்தரை லட்சத்துச் சொச்சம். அதற்கும், கடன் திரும்பாவிட்டால் வங்கியின் நஷ்டத்தில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ள, கடன் உத்தரவாத அறக்கட்டளை என்று ஒன்றை 2000த்திலேயே தொடங்கி வைத்திருக்கிறார்கள். 10 லட்சம் வரை சிறு தொழில் கடனுக்குப் பிணையம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இல் சொல்லிவிட்டது. இதெல்லாம் தெரிந்துதான், தைரியமாகத்தான், நான் படியேறினேன்.

ஆறு வருஷமாக வீட்டிலிருந்தே குழம்பு மசாலா, மிளகாய்த்தூள், இட்லிப் பொடி போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுத்துவருகிறேன். வறுப்பது, காயவைப்பது எல்லாம் வீட்டில். அரைக்க மட்டும் ஊர் மில்லுக்குப் போக வேண்டும். அங்கேதான் சிக்கல். எனக்கு முன்னால் ஒருவர் சீயக்காய் அரைத்துவிட்டுப் போயிருந்தால் அன்றைக்கு என் மிளகாய்த்தூளில் சீயக்காய் வாசம் வரும். மில்காரர் ஒரு படி அரிசியைப் போட்டு ஓட்டிக் கழுவித்தான் தருவார், ஆனால் குழம்பு வைக்கிறவர்களுக்குத் தெரியாதா? ஒருமுறை பதினெட்டுக் கிலோ திரும்பி வந்தது. அன்றைக்கு முடிவு செய்ததுதான் சொந்தமாக ஒரு பல்வரைசர் என்கிற அரைக்கும் இயந்திரம், ஒரு வறுக்கும் இயந்திரம், ஒரு சீலிங் மெஷின்.

விண்ணப்பத்தோடு இடத்துக்கான வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். சரி என்று போன ஆவணியில் தெருக்கோடியில் ஒரு ஷெட்டை மாதம் 4,500 ரூபாய்க்குப் பிடித்தேன். முன்பணத்துக்குக் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தேன், அதுவும் இதே வங்கிக் கிளையில்தான். என் தொழிலை நம்ப ஒரு வருஷம் போதாத கிளை, என் சங்கிலியை அரை மணி நேரத்தில் நம்பிவிட்டது.

பிறகு கிளைக்கு ஒன்பது தடவை நடந்தேன். முதலில் இந்த வருஷ டார்கெட் முடிந்துவிட்டது என்றார்கள். டார்கெட் புதிதாக வந்தபோது மேலாளர் மாறிப் போயிருந்தார். வந்தவர் சிபில் பார்த்தார், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டியிருக்கிறேனா என்று, அதில் ஒன்றும் குறை இல்லை, ஆனாலும் "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்றார். மினி லாரி ஓட்டுகிறார் என்றேன். "அப்போ செக்யூரிட்டிக்கு என்ன இருக்கு?" என்றார். பிணையம் கேட்கக் கூடாதே சார் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வாரம் முழுக்க நான் பேசவில்லை. அடுத்த தடவை, உங்கள் ஊர் எங்கள் சர்வீஸ் ஏரியாவிலேயே வராது என்று சொல்லிவிட்டார்கள். நகைக் கடனுக்கு வந்த ஊர்தான். விண்ணப்பத்தை வங்கிக்கு அனுப்பும் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் நாங்கள் அனுப்பிவிட்டோம், இனி வங்கி கையில்தான் என்கிறார்கள். வங்கியில் கேட்டால் தொழில் மையத்தில் கேளுங்கள் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பஸ் கட்டணம் பதினெட்டு ரூபாய்.

இதில் ஒன்றைக்கூட யாரும் காகிதத்தில் எழுதித் தரவில்லை. எல்லாமே வாய் வார்த்தை. எழுதினது ஒன்றே ஒன்று, அதுவும் எனக்குத் தெரியாமல் இணையதளத்தில்: ஆர்வமில்லை.

ஷெட்டுக்குள் வந்து பாருங்கள் என்று கூப்பிட ஆசைதான். வாடகைக்குப் பிடித்த அன்றே சாக்பீஸால் தரையில் கோடு போட்டேன், பல்வரைசர் இங்கே, வறுக்கும் இயந்திரம் ஜன்னலோரம், மூட்டைகள் அந்தப் பக்கம் என்று. வெள்ளிக்கிழமைதோறும் போய்க் கூட்டிப் பெருக்கி வாசலில் கோலம் போட்டுவிட்டு வருவேன். சித்திரையில் ஷெட்காரர், சும்மாதானே கிடக்கிறது, வெயிலுக்குக் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். என்ன சொல்வது? கட்டுங்கள் என்றேன். அடுத்த வெள்ளி போனபோது பல்வரைசர் நிற்க வேண்டிய இடத்தில் கன்றுக்குட்டி படுத்திருந்தது, கோட்டில் பாதி அழிந்துபோயிருந்தது. மெஷின்காரர் கொடுத்த கொட்டேஷனுக்கு ஆயுசு முப்பது நாள். நான்கு தடவை புதிதாக வாங்கிவிட்டேன், ஒவ்வொரு தடவையும் விலை கொஞ்சம் ஏறியிருக்கும். கடைசியாகப் போன் செய்தபோது அவரே, "அக்கா, கடன் வந்ததும் சொல்லுங்க, அப்ப அனுப்புறேன்" என்று வைத்துவிட்டார்.

ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான். அது ஆடியோடு முடிந்தது. ஒன்பதாவது தடவை கிளைக்குப் போனபோது சொன்ன காரணம் என்ன தெரியுமா? வாடகை ஒப்பந்தம் காலாவதி ஆகிவிட்டது, புதிதாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். காலி ஷெட்டுக்குப் பதினொரு மாதம் நான் கட்டிய வாடகை 49,500 ரூபாய். திட்டத்தில் என் பங்கு 47,000 என்று சொன்னேனே, அந்தப் பணத்தைத்தான் ஷெட் தின்றுவிட்டது. இதற்கு ஆர்வமில்லை என்று பெயர் என்றால் ஆர்வம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

வங்கியின் பக்கமும் பயம் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர் கடன் வாங்கிப் பேப்பர் கப் மெஷின் போட்டார். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் சேர்த்துத் தடை வந்தது. தடை கப்புக்குத்தான், தவணைக்கு இல்லை. மெஷின் இன்னும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. ஒரு கையால் கடன் கொடுத்து மறு கையால் தொழிலை நிறுத்தினால் வங்கி பயப்படத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயத்துக்கு நான் வாடகை கட்ட முடியுமா? மிளகாய்த்தூளை யாரும் தடை செய்யப் போவதில்லை.

பெயர்களுக்கு மட்டும் நம் நாட்டில் பஞ்சமே இல்லை. முத்ரா என்கிற சிறு தொழில் கடன் திட்டத்தில் சிசு, கிஷோர், தருண், அதாவது குழந்தை, சிறுவன், வாலிபன் என்று கடன் அளவுக்கேற்பப் பெயர் வைத்தார்கள், 2024இல் தருண் பிளஸ்ஸும் வந்து உச்சவரம்பு 20 லட்சம் ஆகிவிட்டது. குழந்தை வளர்ந்து வாலிபனாகி அதற்கும் மேலே போய்விட்டது, நான் இன்னும் பிரசவ வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். முகாமில் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஃபிளெக்ஸை எண்ணினேன், பதினோரு திட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், படத்தில் ஒரு பெண் மெஷின் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு எந்தக் கிளையில் கிடைத்தது என்று விசாரிக்க வேண்டும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது சின்ன விஷயம். எனக்குக் கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கொடுக்க முடியாது என்றால், ஏன் முடியாது என்று ஒரு காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இது நான் புதிதாகக் கண்டுபிடித்த உரிமை இல்லை. எந்தக் கடன் விண்ணப்பத்தை மறுத்தாலும் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. காரணம் எழுத்தில் இருந்தால் நான் அதைச் சரிசெய்ய முயற்சி செய்வேன், இல்லை வேறு வங்கிக்குப் போவேன், இல்லை இந்த ஆசையையே விட்டுவிட்டுப் பழையபடி மில்லில் வரிசையில் நிற்பேன். வாயால் சொன்ன காரணத்தை எடுத்துக்கொண்டு நான் எங்கே போய் முறையிடுவது?

தொழில் மையத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். ஆர்வமில்லை என்று வங்கி பதிவு செய்தால், அந்த விண்ணப்பதாரருக்கு நீங்கள் ஒரே ஒரு போன் செய்யுங்கள். என் எண் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆறு வருஷமாக மாற்றவில்லை. அவர் ஆமாம், வேண்டாம் என்று சொன்ன பிறகு கோப்பை மூடுங்கள். அப்புறம், இட ஒப்பந்தத்தை விண்ணப்பத்தோடு கேட்காமல் கடன் அனுமதியான பிறகு கேட்டால் என்னைப் போல இன்னொருத்தி காலி ஷெட்டுக்கு வாடகை கட்ட மாட்டாள்.

தயவுசெய்து அந்தக் காகிதத்தைக் கொடுங்கள். அடுத்த மாதம் 5ஆம் தேதி ஷெட் வாடகை. அதற்குள் கிடைத்தால் சாவியைத் திருப்பிக் கொடுப்பதா, புது ஒப்பந்தம் போடுவதா என்று நான் முடிவு செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் பச்சை ஃபைலோடு உட்கார்ந்திருந்தவள்