தவணை இறுதிக் கடிதம்: நடந்து வரும் பிள்ளைகளும் நம் கார்களும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

தவணை விடுமுறைக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. வழக்கம்போல் நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். திடல்தடப் போட்டி மழைக்கு நடுவிலும் நல்லபடியாக நடந்து முடிந்தது. இந்த முறை வென்றது நீல இல்லம். கதை சொல்லும் போட்டி, புதிர்ப்போட்டி, சதுரங்கம் எல்லாவற்றிலும் நம் மாணவர்கள் மாவட்ட அளவில் கலந்துகொண்டு பள்ளிக்குப் பெருமை சேர்த்தார்கள். நூல் நிலையத்திற்குப் புதிய அலமாரிகள் வந்துவிட்டன. சிற்றுண்டிச்சாலைக் கூரை ஒழுகுவது நின்றிருக்கிறது, இப்போதைக்கு. உழைத்த எல்லாருக்கும் வாழ்த்துகள். பெயர்ப் பட்டியலை அலுவலகத்துக்கு வெளியே ஒட்டியிருக்கிறோம்.

சரி, இன்னொரு செய்தி. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள், பள்ளிக்கு நடந்து வரும் வழிகளைக் கணினியில் வரைபடமாக்கியிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஆண்டுத் தொடக்கத்தில் கணினி ஆசிரியர் என் அறைக்கு வந்து, நடந்து வரும் பிள்ளைகள் எந்த வழியாக வருகிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டு இந்தப் பள்ளியில் இருக்கிறேன், தெரியவில்லை. உடனே கைப்பேசியை எடுத்துக் கூகல் வரைபடத்தில் தட்டினோம். அடுக்குமாடியிலிருந்து பள்ளிக்கு ஏழு நிமிட நடை என்றது. அது பெரியவர்களின் ஏழு நிமிடம். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை, முதுகில் பையோடு, வழியில் பூனையைப் பார்த்தால் நின்று, அப்புறம் கிளம்பி வர பன்னிரண்டு ஆகும். நேரம் கிடக்கட்டும். அது காட்டிய வழி நடைபாதையே இல்லாத பெரிய சாலை ஓரமாக வந்து, நடுத்தடுப்பில் யாரோ கம்பியை வளைத்து உண்டாக்கிய இடைவெளி பக்கமாகக் கடக்கச் சொன்னது. நடைவழி நேரில் வேறு மாதிரி இருக்கலாம், கவனம் என்று அந்தச் செயலியே ஒரு மூலையில் எழுதித்தான் வைத்திருக்கிறது. நம்மில் யார் அதைப் படிக்கிறோம்?

செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. கணினிக்குச் சாலை ஒரு கோடு, சந்திப்பு ஒரு புள்ளி. புள்ளிக்குப் புள்ளி தூரத்தைக் கூட்டி, எது குறைவோ அதை எடுத்துக் கொடுக்கும். 1956இல் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர், மணமுடிக்க இருந்த பெண்ணோடு ஆம்ஸ்டர்டாமில் கடைவீதி சுற்றிய களைப்பில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, இருபதே நிமிடத்தில் மனத்திலேயே போட்ட கணக்காம் இது. (நாமும்தான் கோப்பிக் கடையில் உட்காருகிறோம்.) ஆசிரியர் இதைச் சொன்னதும் ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது: "அந்தக் கணக்கில் தூரத்துக்குப் பதிலாக ஆபத்தைப் போட்டால் என்ன சார்?"

போட்டார்கள். நடைபாதை இல்லாத நூறு மீட்டரை முந்நூறாகக் கணக்கிடு, விளக்கில்லாத சந்தின் தூரத்தை இரட்டிப்பாக்கு, வரிக்குதிரைக் கோடு இருந்தால் குறைத்துக்கொள் என்று கணினிக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இதற்குக் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள். அடிப்படை வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம். கடைவரிசைக்குப் பின்னால் இருக்கும் சந்து அதில் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது, சேர்த்தவர்கள் நம் பிள்ளைகள்.

ஆனால் மென்பொருளுக்கு முன்னால் கால்தான் வேலை செய்தது. மூன்று சனிக்கிழமைகள், அச்சிட்ட தாளும் பென்சிலுமாக, ஆசிரியர்களும் சில பெற்றோர்களும் கூடவே நடந்தார்கள். எந்த அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் நடைவழி) நடக்க இடம் இருக்கிறது, எந்த அஞ்சடியை மோட்டார் சைக்கிள்களும் எரிவாயுக் கலன்களும் அடைத்திருக்கின்றன, நாய் எங்கே படுத்திருக்கும், எங்கே கால்வாய்க்கு மூடி இல்லை என்றெல்லாம் குறித்தார்கள். ஓரிடத்தில் மூடி உடைந்திருந்த கால்வாய்க்கு மேல் யாரோ ஒரு புண்ணியவான் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து, அதில் சிவப்புப் பையைக் கட்டி வைத்திருந்தார். பிள்ளைகளின் தாளில் அந்த இடம் 'நாற்காலி' என்றே பதிவாகியிருக்கிறது.

மூன்றாவது சனிக்கிழமைதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் நடந்தது காலை ஒன்பது மணிக்கு. கூகல் காட்டும் தெருப் படங்களும் வெயில் நேரத்தில் எடுத்தவைதான். பிள்ளைகள் நடப்பதோ ஏழு மணிக்கு முன்னும் பின்னும். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் நகர்த்தியதிலிருந்து, பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சூரியன் எட்டிப் பார்க்க ஏழரை ஆகிவிடுகிறது. பள்ளி மணி அடிக்கும் நேரம்! ஆகவே ஒரு வேலை நாளில் 6.50க்குக் கைவிளக்கோடு மறுபடியும் நடந்தோம். வரைபடத்தில் பத்திரமான வழிக்குப் பச்சை, ஆபத்தானதற்குச் சிவப்பு. பகலில் பச்சையாக இருந்த ஒரு சந்து இருட்டில் சிவப்பானது. இரண்டு விளக்குகள் எரியவில்லை. பொறுப்பானவர்களுக்கு எழுதினோம், ஒன்று எரிகிறது.

இப்படி உருவானவைதான் மூன்று பாதைகள். பெயர் வைத்தது மாணவர்கள், நான் தலையிடவில்லை. அடுக்குமாடியிலிருந்து அஞ்சடி வழியாக வருவது ரம்புத்தான் பாதை. கோயில் பக்கமிருந்து வருவது மங்குஸ்தீன் பாதை. பெரிய சாலை ஓரம் டுரியான் பாதை. முள் என்பதால் அந்தப் பெயர், அதில் யாரும் நடக்கக்கூடாது. கூகல் சொன்னதைவிட ரம்புத்தான் பாதை இருநூறு மீட்டருக்கு மேல் நீளம்தான். ஆனால் மழை பெய்தாலும் பிள்ளை நனையாமல் வரும்.

இனிதான் நான் சொல்ல வந்தது.

ரம்புத்தானும் மங்குஸ்தீனும் பள்ளிக்கு எதிரே ஒன்றுசேர்ந்து, வரிக்குதிரைக் கோட்டில் சாலையைக் கடந்து வாசலுக்கு வருகின்றன. அதுவரை பச்சையாக வந்த கோடு அந்தக் கடைசி அறுபது மீட்டரில் கடும் சிவப்பாகிறது. ஏதோ தப்பாகப் பதிவாகிவிட்டது என்று நினைத்து ஆசிரியர் மூலத் தாள்களைத் தேடி எடுத்தார். 'இடையூறு' என்ற கட்டத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருவர் முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தார்: "அம்மா அப்பா கார்கள்."

பெற்றோர்களே, உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. தொழிற்சாலையில் எட்டு மணிக்கு அட்டை பதிய வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் உள்ள பிறைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, பின் இருக்கையில் இரண்டு என்று வருகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். மழை நாளில் வாசலுக்கு நேராகவே இறக்கிவிடத்தான் யாருக்கும் தோன்றும். நானும் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவள்தான்.

ஆனாலும் இரண்டு வாரங்களுக்கு முன் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் ரம்புத்தான் பாதையில் சரியாக வந்து, சரியான இடத்தில் நின்றிருக்கிறார். வரிக்குதிரைக் கோட்டின் மேலேயே ஒரு வாகனம் டபுள் சிக்னல் போட்டு நின்றதால், அதற்கும் முன்னால் நின்ற காருக்கும் நடுவே புகுந்து சாலையில் கால் வைத்திருக்கிறார். வந்த மோட்டார் அவருடைய பையை உரசிக்கொண்டு போனது. தண்ணீர்ப் புட்டி கழன்று சாலையில் உருண்டு, அடுத்து வந்த காரின் சக்கரத்தில் நசுங்கியது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புட்டி இன்னும் என் மேசை மேல் இருக்கிறது.

மறுநாளிலிருந்து நானே வாசலில் நிற்கிறேன். மஞ்சள் கோட்டில் நிற்கும் கார்களை முதல் நாள் எண்ணத் தொடங்கினேன், 30ஐத் தாண்டியதும் விட்டுவிட்டேன். கண்ணாடியைத் தட்டினால் எல்லாரிடமும் ஒரே பதில்: "ரெண்டே நிமிஷம் டீச்சர்." ஒருவருக்கு இரண்டு நிமிடம். ஒருவர் கிளம்பும்போது இன்னொருவர் வந்து நிற்கிறார். ஆக, அந்த இடம் 6.50லிருந்து 7.30வரை காலியாக இருப்பதே இல்லை.

ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 115 சென்டிமீட்டர். நிற்கிற பிக்கப் வண்டியின் முன்பக்க மூடிக்குப் பின்னால் அந்தப் பிள்ளையின் தலைமுடிதான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. வருகிற வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் ஒரு வினாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அந்த வண்டி எவ்வளவு வேகமாக வருகிறது என்று கணிக்கிற பக்குவமும் அந்த வயதில் வந்திருக்காது. "பார்த்துப் போ" என்று நாம் கண்ணாடியை இறக்கிச் சொல்வது சரிதான். எதைப் பார்ப்பது? நம் கார்தான் மறைத்துக்கொண்டு நிற்கிறதே.

வாசலில் கார் நிறுத்த வேண்டாம் என்று மூன்று முறை புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்டுக்கொண்டேன். கட்டைவிரல் குறிகள் நிறைய வந்தன, கார்கள் நகரவில்லை. ஆகவே இப்போது வெளிப்படையாகச் சொல்கிறேன். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாளிலிருந்து, பின்சந்து முனைக்கும் வரிக்குதிரைக் கோட்டுக்கும் இடையே காலை 6.50 முதல் 7.40 வரை யாரும் வாகனம் நிறுத்தக்கூடாது. மோட்டாரை அஞ்சடியில் ஏற்றி ஓட்டுவதும் கூடாது. டபுள் சிக்னல் போட்டுவிட்டால் மஞ்சள் கோடு மறைந்துவிடாது. பாதுகாவலரைத் திட்டாதீர்கள், அவர் என் உத்தரவைத்தான் செய்கிறார். அப்பா வயதுள்ள மனிதரைப் பிள்ளைகளின் முன்னால் கடிந்து பேசியவர்கள், மன்னிப்புக் கேட்க விரும்பினால் அவர் காலை ஆறரைக்கே வந்துவிடுகிறார். வாகனம் தொடர்ந்து அங்கே நின்றால் பள்ளி வாரியத்திடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் பேசிவிட்டுப் போக்குவரத்துப் போலீசாரை அழைப்பேன். அப்புறம் என்னிடம் வந்து வருத்தப்படக்கூடாது.

அப்படியானால் எங்கே இறக்கிவிடுவது? கோயில் பின்புறத் திடலைக் காலை வேளையில் பயன்படுத்திக்கொள்ள நிர்வாகத்தினர் இசைந்திருக்கிறார்கள். அங்கிருந்து பள்ளி வாசலுக்கு மங்குஸ்தீன் பாதையில் நானூறு மீட்டர்கூட இல்லை. 6.55க்கு ஒரு நடைக்குழு, 7.10க்கு இன்னொன்று; ஒவ்வொரு குழுவோடும் இரண்டு பெரியவர்கள் மஞ்சள் மேலங்கி அணிந்து முன்னும் பின்னும் வருவார்கள். பேருந்து மாதிரிதான், சக்கரம் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் டேவிட் எங்விக்ட் என்பவர் 1990களில் பரப்பிய யோசனை இது. பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. தைப்பூசத்தன்று கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு தண்ணீர்மலை வரை நடந்து, அப்புறம் படியும் ஏறுகிற நமக்கு நானூறு மீட்டர் ஒரு தூரமா?

உடற்குறையுள்ள பிள்ளைகள், காலில் கட்டுப் போட்டிருப்பவர்கள், உடல்நிலை சரியில்லாதவர்கள் வாசல்வரை காரில் வரலாம். அலுவலகத்தில் சொன்னால் கண்ணாடியில் ஒட்ட ஒரு வில்லை தருவோம். காரணத்தை நீட்டி முழக்க வேண்டாம்.

வீடு எங்கே என்று குறித்துத் தரச் சொன்ன பாரத்தைச் சிலர் திருப்பித் தரவில்லை. முகவரி கணினியில் ஏறினால் யார் கையில் போகுமோ என்ற தயக்கம் நியாயமானது, நானும் அப்படித்தான் யோசிப்பேன். ஆகவே பாரத்தை மாற்றிவிட்டோம். வீட்டு எண் வேண்டாம், பிள்ளையின் பெயரும் வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சந்திப்பு எது, பிள்ளை எந்த ஆண்டில் படிக்கிறது, இவ்வளவு போதும். எந்தப் பக்கமிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் மூன்றாவது நடைக்குழு தேவையா என்று முடிவு செய்ய முடியும்.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது, தவறு செய்யாதவர்களையும் சேர்த்துக் கடிந்துகொண்டேனோ என்று இருக்கிறது. பெரும்பாலோர் ஒத்துழைக்கிறீர்கள். சனிக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வரைபடத் தாளோடு நடந்தவர்களுக்கும், ஓடியாடிய பிள்ளைகளுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தவருக்கும், தன் கடை முன் அஞ்சடியில் அடுக்கியிருந்த பெட்டிகளைக் கேட்ட மறுநாளே உள்ளே எடுத்து வைத்த கடைக்காரருக்கும், நடைக்குழுவுக்குப் பெயர் கொடுத்த ஒன்பது பேருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த ஒன்பது பேரில் நால்வர் பாட்டிகள். இன்னும் சிலர் கிடைத்தால் வாரத்துக்கு ஒரு நாள் முறை வந்தால் போதும்.

வரைபடத்தின் ஒரு பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். விடுமுறையில் ஒரு நாள் காலை பிள்ளையோடு அந்தப் பாதையில் நடந்து பாருங்கள். வழியைப் பிள்ளை காட்டட்டும், நீங்கள் பின்னால் போங்கள். வரைபடத்தில் இல்லாத ஏதாவது கண்ணில் பட்டால் பென்சிலால் குறித்து, பாரத்தோடு சேர்த்துப் பள்ளி திறக்கும் நாளில் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அனைவருக்கும் இனிய விடுமுறை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: கால்வாய்க்குப் புது மூடி போட்டாகிவிட்டது. நாற்காலி பாதுகாவலர் அறையில் இருக்கிறது. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.