அறிவியல் ஆய்வு மானியத்தில் முன்பணம் வழங்கக் கோரும் மனு

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
புத்தாக்க மானியப் பிரிவு, சிங்கப்பூர்.

அனுப்புநர்:
ஆயர் ராஜா கிரெசண்ட் வட்டாரத்தில் இயங்கும் சிறு ஆய்வு நிறுவனம் ஒன்றின் இணை நிறுவனர்கள்.

பொருள்: செலவு செய்து முடித்த பிறகே மானியம் என்ற விதியைத் தளர்த்தி முன்பணம் வழங்க வேண்டுதல் – முந்தைய கடிதங்களின் தொடர்ச்சி.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து முன்னர் நாங்கள் அனுப்பிய கடிதங்களுக்கு, பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கும் தானியங்கிப் பதிலைத் தவிர வேறு மறுமொழி வரவில்லை. ஆகவே மீண்டும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். எங்கள் வட்டாரத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இடிக்கப்படவிருந்த புளோக் 71 என்ற தொழிற்கட்டடம், 2011இல் புதிய நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டதையும் அதைச் சுற்றி இன்று எத்தகைய நிறுவனங்கள் இயங்குகின்றன என்பதையும் தாங்கள் அறிவீர்கள். அவற்றுள் மென்பொருள் எழுதுவோர் பலர். எங்களைப் போல வேதிப்பொருளோடும் அழுத்தக் குழாய்களோடும் போராடுவோர் சிலரே. கழிவுநீரை வடிகட்டி மறுசுத்திகரிப்புச் செய்யும் மெல்லிய சவ்வுகளில் அழுக்குப் படிவதைக் குறைக்கும் மேற்பூச்சு ஒன்றை உருவாக்கி வருகிறோம்.

1. மானியத்தின் அளவு குறித்து எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. ஆய்வுக்கும் புத்தாக்கத்துக்கும் தொழில்முனைப்புக்கும் 2021 முதல் 2025 வரை 28 பில்லியன் வெள்ளியும், அடுத்து 2030 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு 37 பில்லியன் வெள்ளியும் ஒதுக்கிய அரசுக்கு நன்றியுடையவர்களாகவே இருக்கிறோம்.

2. எங்களை வாட்டுவது, அந்தப் பணம் கைக்கு வரும் முறை. சம்பளம், ஆய்வுக்கூட வாடகை, வேதிப்பொருள் என எல்லாவற்றுக்கும் முதலில் நாங்கள் செலுத்த வேண்டும். பிறகு ரசீதுகளைத் திரட்டி, வெளித் தணிக்கையாளரிடம் சான்று பெற்று, அறிக்கையோடு இணைத்துக் கோரிக்கை அனுப்ப வேண்டும். அதன் பின் தங்கள் அலுவலகம் கேட்கும் விளக்கங்களுக்கு விடையளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புக்கு மட்டும் விதியில் காலக்கெடு இல்லை. எங்களுக்கோ எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. சம்பளக் காலம் முடிந்த 7 நாள்களுக்குள் ஊழியருக்குச் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்குரிய சந்தாவை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்; தவறினால் மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டி. இவை நியாயமான சட்டங்கள், அவற்றை நாங்கள் மீற விரும்பவில்லை. ஆனால் அரசு தருவதாக ஒப்புக்கொண்ட பணம் அரசிடமே தங்கியிருக்க, அதே மாதம் அரசு விதித்த கெடுவை நாங்கள் எங்கிருந்து பணம் புரட்டி நிறைவேற்றுவது?

கடந்த கோரிக்கையின்போது நடந்ததைத் தாங்கள் அவசியம் அறிய வேண்டும். சவ்வுச் சோதனையை இடையில் நிறுத்தவே கூடாது. அழுத்தத்தில் நீர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்க, படிவு எப்படி வளர்கிறது என்பதை வாரக்கணக்கில் அளந்தால்தான் முடிவுக்கு மதிப்பு உண்டு. ஊழியரின் சொந்த அட்டையில் வாங்கிய ஒரு கண்ணாடிக் கலனின் ரசீதில் நிறுவனத்தின் பெயர் இல்லை என்பதற்காக, அந்த ஒரு வரியை மட்டும் விலக்காமல், கோரிக்கை முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டது. இருந்த பணம் சம்பளத்துக்குச் சென்றது. வாடகை நிலுவையானதால் பொது ஆய்வுக்கூடத்தில் எங்கள் நுழைவு அட்டை முடக்கப்பட்டது, பம்பும் நின்றது. மறுபடி உள்ளே சென்றபோது சவ்வுகள் காய்ந்து, ஓரங்கள் சுருண்டு, தாளைப் போல மொரமொரப்பாகக் கிடந்தன. ஒருமுறை காய்ந்த சவ்வின் நுண்துளைகள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதுவரை திரட்டிய அளவீடுகளைப் புதிய அளவீடுகளோடு சேர்த்துப் பார்க்கவும் வழியில்லை. ஐயா, அந்தக் கலனின் விலையை விட்டுக்கொடுக்க நாங்கள் அன்றே தயாராக இருந்தோம். எழுதியும் கொடுத்தோம். யாரும் படிக்கவில்லை.

3. ஆய்வின் ஒவ்வொரு கட்டத்துக்கும் குறித்த இலக்கை எட்டினால்தான் அடுத்த தவணை என்பது இன்னொரு விதி. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அது ஆய்வே அல்ல. நீரிலுள்ள உப்பில் 99 விழுக்காட்டைச் சவ்வு தடுக்கும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு 98தான் கிடைத்தால், இருமடங்கு உப்பு கசிகிறது என்று பொருள். அதைக் குறை என்று நாங்களே ஒப்புக்கொண்டு, காரணத்தையும் கண்டறிந்து எழுதினோம். நேர்மையாக எழுதிய அறிக்கைக்குத் தவணை நிறுத்தம் என்றால், நாளை எட்டுவதற்கு எளிதான இலக்கைத்தான் எல்லோரும் எழுதிக்கொடுப்பார்கள். கழிவுநீரை மறுசுத்திகரித்துப் பெறும் நம் புதுநீரின் வரலாற்றையே பாருங்கள். 1974இல் தொடங்கிய முன்னோடிச் சோதனை ஆலை, செலவு மிகுதி, தொழில்நுட்பத்தை நம்ப முடியவில்லை என்று மறு ஆண்டே கைவிடப்பட்டது. சவ்வுத் தொழில்நுட்பம் முதிர்ந்த பின் 1998இல் ஆய்வு மீண்டும் தொடங்கி, 2000இல் பிடோக்கில் செயல்விளக்க ஆலை எழுந்து, 2003இல்தான் புதுநீர் மக்களிடம் வந்தது. இலக்கை எட்டவில்லை என்று அன்றே கோப்பை நிரந்தரமாக மூடியிருந்தால் நமக்குப் புதுநீர் ஏது?

4. நிறுவனம் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற வரம்பும் செயலி தயாரிப்போருக்குப் பொருந்தலாம், நீண்ட சோதனைகளை நம்பியிருக்கும் எங்களுக்குப் பொருந்தாது.

5. பொதுப் பணத்தை முன்கூட்டியே கொடுத்தால் ஏமாற்றுவார்களே என்ற கவலை நியாயமானது. வரி கட்டும் குடிமக்கள் என்ற முறையில் எங்களுக்கும் அது உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் என்ற ஆய்வு மானியத் திட்டத்தில் தொடக்கத்திலேயே முன்பணம் தருகிறார்கள்; கணக்குத் தீரும்வரை அந்தப் பணம் ஒன்றியத்துக்கே சொந்தம். எவரேனும் திருப்பித் தரத் தவறினால் ஈடுகட்ட, ஒவ்வொரு மானியத்திலிருந்தும் ஒரு சிறு பங்கைப் பிடித்துப் பொது நிதியாகவும் வைத்திருக்கிறார்கள். இங்கு அதைச் செய்ய முடியாதா? பெரிய நிறுவனம் வங்கியில் கடன் வாங்கிச் சமாளிக்கும். எங்களிடம் அடகு வைக்கச் சவ்வைத் தவிர என்ன இருக்கிறது? தங்கள் மானியக் கடிதத்தைக் காட்டியும் வங்கி கடன் தரவில்லை. யாருக்குப் பணம் இல்லையோ அவருக்காக வகுத்த மானியத்தை, கையில் பணம் உள்ளவரே பெற முடியும் என்றால் இந்த விதி யாருக்காக?

6. முன்பணம் தாருங்கள் ஐயா. மொத்தத்தில் கால் பங்கு போதும். பிணை கேட்டால் இயக்குநர்கள் நாங்கள் கையெழுத்திடுகிறோம், தனி வங்கிக் கணக்கில் வைத்துத் தங்கள் அதிகாரி எப்போது வேண்டுமானாலும் பார்க்கும்படி செய்கிறோம்.

ஆகவே, முன்பணம் வழங்கும்படியும், முழுமையான கோரிக்கைக்கு 30 நாள்களுக்குள் பணம் தரும்படியும், ஐயத்துக்குரிய ரசீதை மட்டும் நிறுத்தி மற்றவற்றை விடுவிக்கும்படியும், உண்மையான ஆய்வு நடந்திருந்தால் இலக்கு தவறினாலும் அந்தக் கட்டத்தின் செலவை ஏற்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இவற்றுள் ஒன்றுதான் இயலும் என்றால் முன்பணத்தையே வேண்டுகிறோம்.

புதிய சவ்வுகளுடன் சோதனையை மறுபடி தொடங்கியிருக்கிறோம். அடுத்த காலாண்டுக் கோரிக்கை தாமதமானால் அதுவும் நின்றுவிடும். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்த்தால் காய்ந்த சவ்வுகளையும் ஓடிக்கொண்டிருக்கும் சவ்வுகளையும் அருகருகே காட்டுகிறோம். இம்முறையாவது, இயலாது என்பதே விடையாக இருந்தாலும், ஓர் அதிகாரியின் கையெழுத்தோடு பதில் அனுப்புமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இணை நிறுவனர்கள்

இணைப்பு: முந்தைய கடிதங்களின் நகல்கள், நிறுத்திவைக்கப்பட்ட கோரிக்கையின் நகல், தணிக்கையாளர் சான்று.