வேணுமா, வேண்டாமா? எழுத்தில் ஒரு வரி கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் நான்கு சிஎன்சி மெஷினும் பதினோரு ஆட்களும் உள்ள ஒரு பட்டறைக்காரன் எழுதுகிறேன். என் அப்பா ஆம்பூரிலிருந்து இங்கே ஃபிட்டர் வேலைக்கு வந்தவர். இரண்டு தலைமுறையாக எங்கள் வீட்டில் விமான உதிரிபாகம்தான் சோறு போடுகிறது.

ராணுவத்துக்கும் உதவக்கூடிய, உரிமம் வாங்கித்தான் ஏற்றுமதி செய்ய வேண்டிய பொருள்களின் பட்டியல்தான் ஸ்கோமெட். அது எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்டவன் கையில் ஆயுதம் போய்ச் சேரக் கூடாது. ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் குழுவான வாசனார் ஏற்பாட்டில் 2017 டிசம்பரில் நாம் சேர்ந்தோம், அதற்கேற்ற கட்டுப்பாடுகளும் நமக்கு உண்டு. இதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: என் பொருளுக்கு உரிமம் வேண்டுமா, வேண்டாமா என்று எழுத்தில் சொல்லுங்கள்.

பொருள் என்ன? அறுபது அலுமினிய பிராக்கெட். உள்ளங்கையில் அடங்கும். ஐரோப்பாவில் விமான இருக்கை செய்யும் ஒரு கம்பெனிக்குப் போக வேண்டியவை. அவர்கள் பயணிகள் விமானத்துக்கும் இருக்கை செய்கிறார்கள், ராணுவப் பயிற்சி விமானத்துக்கும் செய்கிறார்கள். பிராக்கெட் இரண்டுக்கும் ஒன்றேதான்.

சரக்கு முனையத்தில் பெட்டி நின்றது. "இது ஸ்கோமெட்டில் வராது என்று கடிதம் வாங்கி வாருங்கள்" என்றார் ஓர் அதிகாரி. அவரையும் குறை சொல்ல முடியாது. எச்எஸ் கோடு, அதாவது சுங்கத்துக்கான பொருள் வகை எண், பொருள் எந்த வகை என்று மட்டும்தான் சொல்லும். அது பயணிகள் விமானத்தினுடையதா போர் விமானத்தினுடையதா என்று அந்த எண்ணைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. சரி என்று கடிதம் கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். "பொருளை வகைப்படுத்துவது ஏற்றுமதியாளரின் பொறுப்பு" என்று பதில் வந்தது. நானே வகைப்படுத்தி, லெட்டர்ஹெட்டில் அடித்து, கையெழுத்துப் போட்டு முனையத்துக்குக் கொண்டுபோனேன். "நீங்களே சொன்னால் எப்படி சார்?" என்றார்கள். மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடுவே பெட்டியோடு நிற்கும் பெண் மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை.

பட்டியலை நானும் படித்தேன். 6-ஆம் பிரிவு ராணுவத் தளவாடங்கள். அதற்கு உரிமம் தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. விமான, விண்வெளிப் பொருள்களுக்கான 5-ஆம் பிரிவும், எலக்ட்ரானிக்ஸ் போன்ற இரட்டைப் பயன் பொருள்களுக்கான 8-ஆம் பிரிவும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் வழியாகப் போக வேண்டியவை. 7-ஆம் பிரிவு காலி. சிக்கலே இல்லாத ஒரே பிரிவு அதுதான்! 6-ஆம் பிரிவில் 6ஏ010 என்ற வரிசையில் விமானங்களோடு, ராணுவப் பயன்பாட்டுக்கெனத் தனியாக வடிவமைத்த அல்லது மாற்றியமைத்த பாகங்களும் வருகின்றன. என் பிராக்கெட்டை யாரும் ராணுவத்துக்கென்று தனியாக வடிவமைக்கவில்லை. இது என் வாதம். என் வாதம் தப்பாகிப் போனால், 1992-ஆம் ஆண்டு வெளிநாட்டு வர்த்தகச் சட்டப்படி சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் வரலாம். அந்த அறுபது பிராக்கெட்டில் எனக்கு நிற்கும் லாபத்தில் ஒரு மெஷினுக்குக் கட்டிங் ஆயில் வாங்கினால் மிச்சமிருக்காது.

பெட்டி நின்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இதற்கிடையில் அந்தக் கம்பெனி ஒரு மெயில் அனுப்பியது. ஒரு துளையை 6.0-லிருந்து 6.2 மில்லிமீட்டராக்க முடியுமா, டிராயிங்கில் குறித்து அனுப்புங்கள் என்று. ஐந்து நிமிட வேலை. குறித்தும் வைத்தேன். அனுப்பப் போகும்போதுதான் அதே பட்டியலின் 6ஏ022 வரிசை நினைவுக்கு வந்தது. தொழில்நுட்பமும் கட்டுப்பாட்டில் வருகிறது, மெயிலில் போனாலும் அது ஏற்றுமதிதான். அவர்கள் அனுப்பிய டிராயிங், அவர்கள் கேட்ட திருத்தம். அதை அவர்களுக்கே திருப்பி அனுப்ப என் கை நடுங்கியது. பிராக்கெட்டே பட்டியலில் வராவிட்டால் டிராயிங்கும் வராது. ஆனால் வருமா வராதா என்று சொல்லத்தான் ஆளில்லையே. பத்தொன்பது நாள் அந்த மெயில் டிராஃப்டில் கிடந்தது. இருபதாம் நாள் அவர்களே எழுதினார்கள், வேறு நாட்டில் ஆள் பார்த்துவிட்டதாக. மிகவும் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

2024-25-இல் நாட்டின் பாதுகாப்பு ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய். 2029-க்குள் 50,000 கோடி என்பது இலக்கு. எலகங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் மேடையில் எங்களைப் போன்ற சிறு தொழில்களைக் குறிக்கும் எம்எஸ்எம்இ என்ற சொல் எத்தனை முறை ஒலிக்கிறது! நாங்களும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போய், ஸ்டாலில் சமோசா சாப்பிட்டுவிட்டு வருகிறோம். திரும்பி வந்தால் பீன்யா ரோட்டில் அதே பள்ளம், அலமாரியில் அதே பெட்டி. பெரிய கம்பெனிகளுக்கு இதற்கென்றே தனிப் பிரிவும் வக்கீலும் இருக்கிறார்கள். எனக்கு இருப்பது ஒரு கன்சல்டன்ட். "அநேகமாக வராது சார்" என்று சொல்ல அவர் வாங்கிய தொகையை என் மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

கோபத்தில் இரண்டு வார்த்தை கூடிப் போயிருந்தால் மன்னிக்கவும். சலுகை எதுவும் கேட்கவில்லை. பொருளை யார், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று வாங்குபவர் தரும் இறுதிப் பயனர் சான்றிதழ் வேண்டுமென்றால் வாங்கித் தருகிறேன். பட்டறைக்கு வந்து பார்க்க வேண்டுமென்றால் வாருங்கள், காபி தருகிறேன். டிராயிங்கும் பர்ச்சேஸ் ஆர்டரும் இணைத்து ஒரு பட்டறைக்காரன் கேட்டால், முப்பது நாளுக்குள், சுங்க அதிகாரியும் ஏற்கும்படி, உரிமம் வேண்டும் அல்லது வேண்டாம் என்று எழுத்தில் பதில் தாருங்கள். "வேண்டும்" என்று வந்தால் அன்றைக்கே விண்ணப்பிக்கிறேன்.

அறுபது பிராக்கெட்டும் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன. என் முதல் விண்ணப்பமாக அவற்றையே எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பீன்யாவிலிருந்து ஒரு பட்டறைக்காரன்