செயலி வேண்டாம், சொந்தப் பக்கம் வேண்டும்: டர்பன் ஆலயக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழ் ஆலயங்களின் நிர்வாகக் குழுவினருக்கும் தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

செயலிகளை உருவாக்கி விற்பது என் தொழில். எங்கள் ஆலயத்துக்கும் ஒரு செயலி செய்து தாருங்கள் என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். ஆயினும் நம் ஆலயங்களில் பெரும்பாலானவற்றுக்குச் செயலி தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. கூகுளும் ஆப்பிளும் தங்கள் இயங்குதளங்களை மாற்றும்போதெல்லாம் செயலியையும் திருத்த வேண்டும்; திருத்த ஆளில்லாமற்போனால் சில ஆண்டுகளில் அது புதிய கைபேசிகளில் கிடைக்காமலே போய்விடும். பூசை நேரத்தை அறிவதற்காக மட்டும் ஒரு மூதாட்டி தம் கைபேசியில் இன்னொரு செயலியை நிறுவவும் மாட்டார்.

என் கவலை வேறொன்று. ஆலய அறிவிப்புகள், பெரிய வெள்ளித் தீமிதியின் படங்கள், காவடித் திருவிழாவின் காணொளிகள், மறைந்த பெரியோருக்கான இரங்கற்குறிப்புகள் எல்லாம் இன்று முகநூலிலும் வாட்ஸப்பிலும் மட்டுமே இருக்கின்றன. அந்தத் தளங்கள் மறைந்தால் இவையும் மறைந்துவிடும்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனை வந்தடைந்தது முதல் 1911 வரை டர்பன் அமைந்துள்ள நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் பதிவேடுகளில் இருப்பதால்தான், இன்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வாழும் ஒரு குடும்பம் தன் முன்னோர் எந்த மாவட்டத்திலிருந்து கப்பலேறினார் என்று தேடிப் பார்க்க முடிகிறது. நம்மவரை எண்களாக நடத்திய அதிகாரிகள் தங்கள் வசதிக்காக எழுதிய ஏடுகள் அவை. அவையே இத்தனை காலம் நிலைத்திருக்கின்றன. இணையத் தளங்களோ அப்படி நிலைப்பதில்லை. நம் நாட்டின் ஸ்டெலன்போஷில் உருவாகி, சாதாரணக் கைபேசிகளில் குறுஞ்செய்தியைவிடக் குறைந்த செலவில் இளைஞர்களைப் பேச வைத்த மிக்ஸிட் என்ற உரையாடல் செயலி 2015-இல் வணிகச் செயல்பாட்டை நிறுத்திப் பின்னர் மூடப்பட்டபோது, அதில் வளர்ந்த உரையாடல்களும் அதனோடு போயின. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் தன்னிடம் பதிவேற்றப்பட்டிருந்த பல ஆண்டுப் பாடல்களைச் சேவையக மாற்றத்தின்போது இழந்துவிட்டதாக அதே ஆண்டில் ஒப்புக்கொண்டது. 2021 அக்டோபர் 4 அன்று, புரட்டாசி விரத நாட்களில், முகநூலும் வாட்ஸப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியபோது, அவற்றை மட்டுமே நம்பியிருந்த எவருக்கும் வேறு வழி இருக்கவில்லை.

வாட்ஸப்பைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தரவுக் கட்டணம் இன்றும் சுமையாக இருக்கும் நாட்டில், வாட்ஸப்புக்கு மட்டுமான மலிவுத் தொகுப்பை வாங்கிக் காலம் தள்ளும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. இணையப் பக்கத்தைத் திறந்தால் அவர்களுக்குத் தனிச் செலவாகும். ஆகவே சுருக்கமான செய்தி வாட்ஸப்பிலேயே முழுமையாகப் போகட்டும். மூலப் பதிவு மட்டும் ஆலயத்தின் சொந்த இணைய முகவரியில், பெரிய படங்களின்றி விரைவில் திறக்கும் எளிய பக்கமாக இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் தமிழை எழுத்தாகவே இடுங்கள். அழைப்பிதழைப் படமாக்கிப் போட்டால் தேடலில் அது எளிதில் அகப்படாது. தமிழ் படிக்கத் தெரியாத நம் பேரப்பிள்ளைகளும் அதைப் படியெடுத்து மொழிபெயர்த்துப் பார்ப்பது கடினம்.

உறுப்பினர் பட்டியலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாட்ஸப் குழுவில் ஒருவரைச் சேர்த்தவுடன் அவருடைய எண் அங்குள்ள அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. போப்பியா என்று நாம் அழைக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒருவரது சமய நம்பிக்கையைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவலாகக் கருதுகிறது. ஒப்புதல் கேட்காமல் எவரையும் சேர்க்காதீர்கள். பட்டியலைச் செயலாளரின் சொந்தக் கைபேசியில் மட்டும் விட்டுவைக்காதீர்கள்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், உங்கள் முகநூல் பக்கத்தின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, அவர் ஜொகன்னஸ்பர்க்குக்கோ வெளிநாட்டுக்கோ குடிபெயர்ந்தால் பக்கம் யாருடையது என்ற கேள்வியை நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதே கூட்டத்தில் ஆலயத்தின் பெயரில் ஓர் இணைய முகவரியைப் பதிவுசெய்யவும், முகநூலிலுள்ள படங்களைத் தரவிறக்கி இரண்டு இடங்களில் சேமிக்கவும் தீர்மானம் எடுங்கள். முதல் பக்கத்தை அமைக்கவும், அதைத் தொடர்ந்து நடத்த உங்கள் இளைஞர் ஒருவருக்குப் பயிற்சி தரவும் கட்டணமின்றி முன்வருகிறேன்.

இப்படிக்கு,
டர்பனைச் சேர்ந்த மென்பொருள் தொழில்முனைவோர் ஒருவர்